பிசிறு எந்தப் பக்கம்?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பீன்யாவில் ஷீட் மெட்டல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பையன் சட்டைப் பையிலிருந்து ஐந்தாறு இரும்புப் பில்லைகளை எடுத்து பெஞ்சில் கொட்டினான். தகட்டில் ஓட்டை போடும்போது கீழே விழுகிற துண்டுகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு ஃபிட்டர் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டினார்.

"ஒரே பக்கம் பிடிக்குதே."

"ஆமா மேஸ்திரி. டரட் அலைன்மென்ட் போயிடுச்சாம். நாளைக்கு சர்வீஸ்காரங்க வர்றாங்க."

"பஞ்ச்ச திருப்பிப் போட்டுப் பாத்தியா?"

பையன் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், அந்தக் கம்பெனியில் வேறு யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

டரட் பிரஸ்ஸில் கோளாறு வந்தால் அது எங்கே இருக்கிறது, எதில் முதலில் கை வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பஞ்ச் விற்பவர் கூர் மழுங்கிவிட்டது, அரைத்துப் போடுங்கள் என்பார். ஆபரேட்டர் கிளியரன்ஸ் சரியில்லை, வேறு டை வேண்டும் என்பார். சர்வீஸ் இன்ஜினியர் டரட் விலகியிருக்கிறது என்பார். முதலாளி ஆபரேட்டரைக் கைகாட்டுவார். நான்கு பேர் சொல்வதும் சில நாள் சரியாக இருக்கும், அதனால்தான் இந்தச் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது. நான் பார்த்தவரை, உண்மையாகவே டரட் விலகிப்போன மெஷின்கள் குறைவு. ஆனால் ஸ்பானர் முதலில் போவது அங்கேதான்.

டரட் என்பது எளிமையான யோசனை. பல கருவிகளை ஒரு வட்டத் தலையில் சுற்றிலும் மாட்டிவைத்து, வேண்டியதை மட்டும் சுழற்றி வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது. 1845ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர் துப்பாக்கிப் பூட்டின் சிறு உறுப்புகளைக் கடைவதற்காக அப்படி ஒரு லேத் கட்டினார். துப்பாக்கித் தொழிலோடு அந்த உறவு இன்னும் அறுந்துவிடவில்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதை அமெரிக்காவில் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் மேசையில் கையால் இழுக்கும் சின்ன டரட் பிரஸ் இருக்கும். லீ கம்பெனியின் பிரஸ்ஸில் 4 துளை, ரெட்டிங் கம்பெனியின் டி-7ல் 7 துளை. நம் ஊரில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. அதெல்லாம் அரசு வெடிமருந்து ஆலைகளுக்கும் உரிமம் பெற்ற கம்பெனிகளுக்கும் உரிய வேலை. ஆகவே பெங்களூரில் ஒருவர் டரட் பிரஸ் என்றால், தகட்டில் ஓட்டை போடும் டரட் பஞ்ச் பிரஸ்ஸைத்தான் சொல்கிறார். ஆனாலும் அந்தத் தோட்டாக்காரர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. அது நமக்கும் உதவும், பின்னால் வருகிறேன்.

ஸ்ரீராம்புரத்துக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதற்கு நீண்ட வரலாறு வேண்டாம். சுற்றிலும் மில்கள் இருந்த காலம் ஒன்று. பின்னி, மினர்வா, ராஜா மில். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால் நிற்கிறது. 1953ல் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. தொழிற்சாலை வந்தது, அடுத்த ஆண்டு பி.இ.எல். அவற்றை ஒட்டி ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், அப்புறம் பீன்யா. தறியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் பிள்ளை லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் போனான். 2014 மார்ச் 1ஆம் தேதி பச்சை வழி மெட்ரோவின் இந்தப் பகுதி ஓடத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீராம்புரம் ஸ்டேஷனில் ஏறினால் பீன்யாவில் இறங்கலாம், பஸ்ஸில் தொங்க வேண்டியதில்லை. மின்சாரப் பேனல், டெலிகாம் ரேக், கன்ட்ரோல் பாக்ஸ் என்று மெல்லிய தகட்டில் நிறைய ஓட்டை கேட்கும் சாமான்கள் இந்த ஊரில் எப்போதும் தேவைப்பட்டன. அதற்கென்றே பிறந்த மெஷின் இது.

மெஷின் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் கோளாறைத் தேட முடியும். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. மேல் தட்டில் பஞ்சுகள், கீழ்த் தட்டில் அவற்றுக்கு ஜோடியான டைகள். இரண்டும் செயினாலோ கியராலோ சேர்ந்து சுழலும். வேண்டிய ஸ்டேஷன், மேலிருந்து அடிக்கும் ரேமுக்கு அடியில் வந்ததும் தட்டுகள் நிற்கும், இண்டெக்ஸ் பின் சரேலென்று இரண்டு தட்டுகளின் புஷ்ஷுக்குள்ளும் நுழைந்து பூட்டும், ரேம் அடிக்கும். ஷீட்டை கிளாம்புகள் கவ்விப் பிடித்து முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்திக் கொடுக்கும். பில்லை டை வழியாகக் கீழே போகும். ஸ்டேஷன்களுக்கு ஏ, பி, சி, டி, இ என்று அளவுப் பெயர். ஏ ஸ்டேஷனில் 12.7 மி.மீ. வரைதான் போகும், இ ஸ்டேஷனில் 114.3 மி.மீ. வரை.

அடி எவ்வளவு என்று கணக்குப் போட வாய்ப்பாடு சுலபம். ஓட்டையின் சுற்றளவு, தகட்டின் கனம், உலோகத்தை வெட்டத் தேவையான பலம் மூன்றையும் பெருக்கினால் போதும். 14 கேஜ், அதாவது 2 மி.மீ. இரும்புத் தகட்டில் 10 மி.மீ. ஓட்டைக்கு ஏறக்குறைய 2.2 டன். அதே தகட்டில் 60 மி.மீ. சதுர ஓட்டை என்றால் 17 டன். 20 டன் மெஷின் அதையும் அடித்துவிடும். ஆனால் இரண்டு அடிகளிலும் மெஷினின் உடம்பு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

இப்போது பில்லைக்கு வருவோம். அதன் பக்கவாட்டுச் சுவரை வெளிச்சத்தில் திருப்பினால் பளபளவென்று ஒரு பட்டை, அதையொட்டிச் சொரசொரப்பாக ஒரு பட்டை தெரியும். பஞ்ச் அறுத்துக்கொண்டு போன தூரம்தான் பளபளப்பு. அதற்குமேல் உலோகம் தாங்காமல் பிய்ந்த இடம் சொரசொரப்பு. இரும்பில் பளபளப்பு கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, சுற்றிலும் ஒரே அகலத்தில் இருந்தால் கவலையில்லை. சுற்றிலும் அகலமாகவோ, இரண்டு பட்டையாகவோ இருந்தால் கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி, போதவில்லை. பஞ்ச் சூடேறும், ஷீட்டில் சிக்கும். சுற்றிலும் குறுகி, விளிம்பு உருண்டு, பிசிறு பெருத்திருந்தால் கிளியரன்ஸ் அதிகம், அல்லது கூர் போய்விட்டது. ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் பஞ்ச் டையின் நடுவில் இறங்கவில்லை. இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் டரட் கோளாறு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

மேஸ்திரி கேட்ட கேள்வியின் பொருள் இங்கேதான் இருக்கிறது. கீ-வே, அதாவது பஞ்சைத் திரும்பாமல் பிடிக்கும் காடி, அனுமதிக்கும் அளவுக்கு பஞ்சை மட்டும் அரைச் சுற்று திருப்பிப் போட்டு ஓர் ஓட்டை அடிக்க வேண்டும். பிசிறும் கூடவே எதிர்ப்பக்கம் போனால் குற்றம் பஞ்சில்தான்: சாய்வாக அரைத்திருப்பார்கள், வளைந்திருக்கும், அல்லது அதன் கைடு தேய்ந்திருக்கும். பிசிறு அசையாமல் நின்றால் அடுத்து டையைத் திருப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அதே ஜோடியை வேறு ஸ்டேஷனில் போட வேண்டும். அங்கே சுத்தமாக வந்தால் பழைய ஸ்டேஷனின் துளையோ டை ஹோல்டரோ கெட்டிருக்கிறது. அங்கேயும், இன்னொன்றிலும், மற்றொன்றிலும் அதே பக்கம் பிசிறு என்றால்தான் டரட்டைப் பற்றிப் பேசலாம். மொத்தம் அரைமணி நேர வேலை. சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு லைனில் காத்திருக்கும் நேரம்கூட ஆகாது.

ஏன் செய்வதில்லை? ஒரு காரணம் ஷிப்ட் அவசரம். இன்னொரு காரணம் சுவாரசியமானது. தடித்த ஷீட்டில் அதே மெஷின் அழகாக ஓட்டை போட்டுக் காட்டும். மெல்லிய ஷீட் போட்டவுடன் பிசிறு வரும். அப்போது எல்லாரும் ஷீட் மட்டம் என்று திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கைப் பார்த்தால் ஷீட் பாவம். இரும்புக்கு மொத்தக் கிளியரன்ஸ் கனத்தில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. தகட்டுக்கு 0.4, பக்கத்துக்கு 0.2. பஞ்ச் 0.05 மி.மீ. விலகியிருந்தால் ஒரு பக்கம் 0.15, மறுபக்கம் 0.25. கண்ணுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. 22 கேஜ், அதாவது 0.7 மி.மீ. தகட்டுக்கு வந்தால் பக்கத்துக்கு 0.07தான் இடம். அதே 0.05 விலகலில் ஒரு பக்கம் 0.02, மறுபக்கம் 0.12. ஆறு மடங்கு வித்தியாசம். விலகல் இரண்டு நாளும் ஒன்றுதான். மெல்லிய தகடு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். டரட் நேராக இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் ஸ்டோரில் இருப்பதிலேயே மெல்லிய துண்டை எடுத்து அடித்துப் பார்ப்பது நல்லது.

டரட்தான் என்று உறுதியான பிறகும் அவசரப்படக் கூடாது. பில்லை இன்னொன்றும் சொல்லும்: விலகல் எந்தத் திசையில் என்று. தட்டு சுழலும் திசையில் விலகியிருந்தால் சுற்றி நிறுத்துவதில் பிழை. செயின் இழுபட்டிருக்கலாம், இண்டெக்ஸ் பின்னோ அது நுழையும் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். தட்டின் மையத்தை நோக்கியோ அதற்கு எதிராகவோ விலகியிருந்தால் சுழற்சிக்குச் சம்பந்தமில்லை. பேரிங் பக்கமோ மெஷினின் சட்டகத்தையோ பார்க்க வேண்டும். சுழற்சிப் பிழைக்கு ரொம்பக் கோணம் தேவையில்லை. மையத்திலிருந்து 600 மி.மீ. தள்ளி உள்ள ஸ்டேஷனில், ஒரு தட்டு மட்டும் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு தவறினாலே மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு விலகிவிடும். 22 கேஜ் ஷீட்டில் அது பஞ்சையும் டையையும் முட்டவிடும் தூரம்.

இந்த இடத்தில்தான் தோட்டா நிரப்புகிறவர்களின் வழக்கு. கையால் இழுக்கும் அந்தச் சின்னப் பிரஸ்களில், நெம்புகோலை அழுத்தும்போது டரட் தலை மயிரிழை மேலே தூக்கும். ஒரு சாரார் அதைக் கண்டு பதறி, ஆட்டமே இல்லாமல் இறுக்கப் பார்ப்பார்கள். மறுசாரார், தூக்கட்டும், ஒவ்வொரு தடவையும் அதே அளவு தூக்குகிறதா என்று மட்டும் பார் என்பார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. பஞ்ச் பிரஸ்ஸை வடிவமைத்தவர்களும் அந்தக் கட்சிதான் போலிருக்கிறது. டரட் சுழலும்போது செயினில் கொஞ்சம் தொய்வு இருக்கத்தான் வேண்டும். தட்டு வந்து நிற்கும் இடம் மிகச்சரியாக இருக்க வேண்டியதில்லை. கூம்பு முனையுள்ள இண்டெக்ஸ் பின் கடைசி நொடியில் உள்ளே நுழைந்து மிச்சத்தை இழுத்துச் சரிசெய்துகொள்ளும். அடி விழும் கணத்தில் அசையாமல் இருந்தால் போதும். இது புரியாமல் செயினை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். பேரிங் சீக்கிரம் சத்தம் போடத் தொடங்கும், பிசிறு போயிருக்காது.

ஆனால் பின்னுக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. செயின் நிரம்ப இழுபட்டு, மேல் தட்டும் கீழ்த் தட்டும் வேறு வேறு அளவு தள்ளி வந்து நின்றால், பின் ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்த தட்டை நெட்டித் தள்ளி உள்ளே போக வேண்டியிருக்கும். காது பழகிய ஆபரேட்டருக்கு அது தெரியும். 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டிய இடத்தில் 'டக்-கட்' என்று வரும். பின்னைக் கழற்றிப் பார்த்தால் முனையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிக் கோடுகள் போட்டிருக்கும். அந்த நிலையில் புஷ்ஷை மட்டும் மாற்றுவது பாதி வைத்தியம். செயினைச் சரிசெய்யாமல் விட்டால் புதுப் புஷ்ஷும் அதே பக்கம் தேயும். செயின் முடிந்த பிறகு, துளைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் அலைன்மென்ட் கேஜை மேலிருந்து கையால் இறக்கி, கீழ்த் துளைக்குள் தடையில்லாமல் போகிறதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்ப்பார்கள். இது தெரிந்த கையால் நடக்க வேண்டிய வேலை, சர்வீஸ் இன்ஜினியரின் கட்டணத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டகத்தின் கதை தனி. ஆங்கில சி எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த மெஷின்கள் உண்டு. சின்ன ஓட்டைக்கு அவை சிணுங்காது. 17 டன் அடி விழும்போது வாய் மயிரிழை பிளக்கும், மேல் தட்டு சாயும், பஞ்ச் சாய்ந்து இறங்கும். பெரிய ஓட்டையில் மட்டும் பிசிறு, சின்னதில் இல்லை என்றால் டரட்டை நோண்டிப் பயனில்லை. பஞ்சின் முகத்தைக் கூரை மாதிரிச் சாய்வாக அரைத்து, சுற்றளவு முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டாதபடி செய்தால் அடியின் பளு குறையும். நாலு பக்கமும் மூடிய சட்டகம் உள்ள மெஷின்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

டரட்டின் தலையில் தப்பாக விழும் பழிகளில் பெரியது, ஓட்டை இடம் மாறுவது. ஓட்டையின் வடிவம் கெட்டால் பஞ்ச், டை, டரட் பக்கம் பார்க்க வேண்டும். வடிவம் நன்றாக இருந்து இடம் மட்டும் தப்பினால் ஷீட்டைப் பிடித்திருக்கும் பக்கம் போக வேண்டும். காலையில் கம்ப்ரஸர் லைனில் தண்ணீர் தேங்கி, காற்று அழுத்தம் இறங்கி, கிளாம்ப் நழுவிய ஷீட்டுக்காக டரட்டைக் கழற்றிய இடம் ஒன்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும்: மேல் தட்டும் கீழ்த் தட்டும் சேர்ந்தாற்போல் ஒரே அளவு தள்ளி நின்றால் பஞ்சும் டையும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்கும், பிசிறு வராது, ஓட்டை மட்டும் இடம் தப்பும். ஒரே கருவியால் போட்ட ஓட்டைகளுக்கு இடையே தூரம் சரியாகவும், வெவ்வேறு கருவிகளால் போட்டவற்றுக்கு இடையே தப்பாகவும் இருந்தால் இந்தச் சந்தேகம் நியாயமானது.

அரைப்பதைப் பற்றி ஒரு குறை எனக்கு உண்டு. விளிம்பின் உருட்டு கால் மி.மீ. வருவதற்குள் பஞ்சை எடுத்து அரைத்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அரைக்கவும் செய்கிறார்கள். அரைத்தபின் செய்ய வேண்டியவைதான் விட்டுப்போகின்றன. பஞ்ச் குட்டையாகிவிட்டது, அதன் தலையில் நீளத்தைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பஞ்ச் டைக்குள் போதுமான ஆழம் இறங்காது, பில்லை கீழே விழாமல் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். டையை அரைத்திருந்தால் அதன் அடியில் ஷிம் வைத்து உயரத்தை மீட்க வேண்டும். கிரைண்டரின் காந்தப் படுக்கையில் கிடந்த பஞ்சில் காந்தம் ஏறியிருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் பில்லையை மேலே இழுக்கும். மேலே வந்த பில்லை ஷீட்டின்மேல் கிடந்து, அடுத்த அடி அதன்மேலேயே விழுந்தால் இரட்டைக் கனம். பஞ்ச் உடையும், சில சமயம் அந்த ஸ்டேஷனின் துளையும் போகும். டரட் அலைன்மென்ட் உண்மையிலேயே கெட்டுப்போகிற வழிகளில் இதுவும் ஒன்று. ஆரம்பம் கிரைண்டரில், முடிவு டரட்டில்.

தொய்வோடு வந்து நின்று கடைசி நொடியில் பின்னால் சரிசெய்துகொள்ளும் சலுகை லேத்தின் டரட்டுக்குக் கிடையாது. பஞ்ச் பிரஸ்ஸில் ஒரு நொடி அடி, பிறகு ஓய்வு. சி.என்.சி. லேத்தில் கருவி நிமிஷக்கணக்கில் உலோகத்தில் உட்கார்ந்து தள்ளும். அதனால் அதன் டரட் வட்டமான பல்வரிசை ஒன்று இன்னொன்றோடு கவ்விக்கொள்ளும் கப்ளிங்கில் உட்காருகிறது. அந்த மாதிரி டரட்களை பீன்யாவிலேயே பிரகதி ஆட்டோமேஷன் செய்கிறது. அங்கே கோளாறு என்றால் முக்கால்வாசி ஒரே காரணம்தான்: ஆஃப்செட் தப்பாகப் போட்டு டரட்டைக் கொண்டுபோய் சக்கில் மோதியிருப்பார்கள். டரட்டின் முகத்தில் டயல் கேஜை வைத்து ஓட்டி, தட்டித் தட்டி நேராக்கி, அதை நிலைநிறுத்தும் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். தேடுவதற்கு அதில் பெரிய மர்மம் இல்லை, ஒப்புக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஃபைபர் லேசர் வந்தபிறகு டரட் பஞ்ச் பிரஸ்ஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பஞ்சும் இல்லை, டையும் இல்லை, ஒரு பக்கப் பிசிறும் இல்லை. நியாயமான கேள்விதான். வெறும் கட்டிங் வேலை மட்டும் செய்யும் இடத்தில் பழைய மெஷினுக்குப் பெரிய செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் பேனல் கதவில் காற்று போகும் லூவர், ஸ்க்ரூ தலை அமுங்க வேண்டிய குழி, எழுத்துப் பதிப்பது எல்லாம் அடித்துத்தான் வர வேண்டும். லேசர் வெட்டும், வளைக்காது. ஒரே அளவில் ஆயிரம் ஓட்டை என்றால் இன்றும் பஞ்சின் வேகத்துக்கு மதிப்பு உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டரட் மெஷினை வைத்துக்கொண்டு நாலைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஷெட்டுகளுக்கு இந்தக் கணக்குதான் சோறு போடுகிறது.

இரண்டு வாரம் கழித்து அதே பையன் மேஸ்திரியைத் தேடி வந்தான். பஞ்சைத் திருப்பியும் பிசிறு அசையவில்லை, டையைத் திருப்பியும் அசையவில்லை, வேறு ஸ்டேஷனில் போட்டதும் போய்விட்டது. சர்வீஸ்காரர் வந்து, அந்த 17ஆம் ஸ்டேஷனின் துளை ஒரு பக்கம் அடி வாங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். எப்போதோ பில்லை மேலே ஏறி பஞ்ச் உடைந்த நாளில் பட்ட அடியாக இருக்கும், பையன் அப்போது அங்கே வேலைக்குச் சேரவே இல்லை. மேஸ்திரி பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் வேலை பார்த்த காலத்தில் மெஷின் புதிதாக அலைன் ஆன நாளில் ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் ஒரு பில்லையை எடுத்து, நம்பர் போட்டு, செல்லோடேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார். துருப்பிடித்து, டேப் மஞ்சளாகி, பாதி உதிர்ந்துவிட்டது. பையன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, தானும் இப்படி ஒன்று ஆரம்பிப்பதாகச் சொன்னான்.

"அப்போ அந்த 17ஐ என்ன பண்ணப் போறாங்க?"

"ஒண்ணும் பண்ணல மேஸ்திரி. புரோகிராம்ல அந்த நம்பரையே தூக்கிட்டாங்க."